எலுமிச்சந்துளசி

எலுமிச்சந்துளசி (அறிவியல் பெயர்: ஓசிமம் கிராட்டிசிமம்) என்பது புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த, பல ஆண்டுகள் வாழும் நறுமணப் புதர்ச்செடி ஆகும். இது கிராம்புத் துளசி எனவும் அழைக்கப்படுகிறது. துளசி, திருநீற்றுப்பச்சை ஆகியனவும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. லின்னேயசு இவ்வினத்தை 1753 இல் விவரித்தார். 'கிராட்டிசிமம்' என்பதற்கு இலத்தீன் மொழியில் 'மிகவும் இனியது' என்று பொருள்.

தோற்றம்

இச்செடி 1 முதல் 3 மீட்டர் உயரம் வரை வளரும். தண்டின் அடிப்பகுதி மரத்தன்மை உடையது. இலைகள் துளசி இலையை விடப் பெரியவை. அவற்றின் விளிம்பு பற்களைப் போன்றது. வெளிறிய நிறச் சிறுபூக்கள் கதிர்களாகத் தோன்றும்.

மண வேறுபாடு

இவ்வினத்தின் எல்லாச் செடிகளும் ஒரே மணம் உடையவை அல்ல. யூஜெனால் மிகுந்தவை கிராம்பு மணமும், தைமால் மிகுந்தவை ஓம மணமும் கொண்டவை. எனவே பயிரிடுவோர், தாய்ச்செடியின் இலையைக் கசக்கி முகர்ந்து தெரிவு செய்தல் வேண்டும்.

பயிரிடல்

விதை, தண்டுத்துண்டு ஆகிய இரண்டின் மூலமும் இதனைப் பெருக்கலாம். விதைவழிச் செடிகளின் மணம் மாறக்கூடும். தண்டுத்துண்டில் வளர்பவை தாய்ச்செடியை ஒத்திருக்கும். விதைகள் மிகச் சிறியவை ஆதலால் ஆழமாகப் புதைக்கக்கூடாது. முற்றாத தண்டினை 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் வெட்டி, கீழிலைகளை நீக்கி, ஈரமண்ணில் நட வேண்டும். வேர்பிடித்தபின் ஏறக்குறைய 60 செ.மீ. இடைவெளியில், வெயில் படும் வடிகாலுள்ள நிலத்தில் நடலாம். உறைபனியை இது தாங்காது. பூங்கதிர்களைக் கிள்ளிவிட்டால் இலைகள் மிகுதியாகத் துளிர்க்கும்.

பயன்கள்

நைசீரியாவில் யொரூபா மக்கள் இதனை எஃபின்ரின் என்பர். அங்கு மிளகு சூப்பு, வள்ளிக்கிழங்குக் கூழ் முதலியவற்றில் இலைகள் இறுதியில் சேர்க்கப்படுகின்றன. நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியாகிவிடும்.

மேற்கு ஆப்பிரிக்க மரபு மருத்துவத்தில் இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு இலைச்சாறும் கசாயமும் பயன்படுகின்றன. இதன் எண்ணெய் சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வகங்களில் அறியப்பட்டுள்ளது. எனினும் ஆய்வகத்தில் நுண்ணுயிர் அழிவதும் நோயாளி குணமடைவதும் ஒன்றல்ல. வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கு உயிராபத்தை விளைவிப்பது நீரிழப்பே. அதனை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு இக்கசாயம் மாற்றாகாது. வடித்தெடுத்த எண்ணெய் மிகவும் செறிவானது. அதனை அருந்துதல் கூடாது.