வாளேந்தாப் பரிவீரர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராகிய வாஷிங்டன் மாநகரில் குதிரைமீது அமர்ந்த உருவச்சிலைகள் பல உள. ஜாக்ஸன், கிராண்ட், ஷெர்மன் முதலிய படைத்தலைவர்கள் அவ்வண்ணமே அங்கு நினைவுகூரப்படுகின்றனர். ஆயினும் பதினாறாவது தெருவில் உள்ள ஒரு சிலை இவற்றினின்றும் வேறுபட்டது. அகன்ற தொப்பியும் மேலங்கியும் அணிந்த அப்பெரியார் கையில் வாள் இல்லை, வேதபுத்தகமே உளது. குதிரையும் பாய்ந்தெழவில்லை; நெடுந்தூரம் நடந்து களைத்ததுபோல் தலை தாழ்த்தி நிற்கின்றது. போர்வீரர் நடுவே இடம்பெற்ற இவர் யாவர்?

இவரே அமெரிக்க மெதடிஸ்த திருச்சபையை நிறுவியோருள் தலையாய பிரான்ஸிஸ் ஆஸ்பரி என்பார். 1745ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அணித்தாய் எளிய குடும்பத்திற் பிறந்தார். 1771இல் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லி, அமெரிக்கா செல்ல விரும்புவார் உளரோ என வினவியபோது, இவர் முன்வந்து அவ்வாண்டே கடல் கடந்தார். 1784இல் பால்டிமோரில் கூடிய மகாநாட்டில் சபையின் கண்காணிப்பாளராக அபிஷேகம் பெற்றார்.

அந்நாளில் மக்கள் காடுகளிலும் மலைச்சாரல்களிலும் சிதறிக் குடியேறியிருந்தனர். அவர்கள் போதகரை நாடி வருதல் அரிது. ஆகவே போதகரே அவர்களை நாடிச் செல்லவேண்டியிருந்தது. நகரங்களிலேயே தங்கிவிட விழைந்த உடனூழியரை ஆஸ்பரி கடிந்துகொண்டார். பல ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம் ஒவ்வொரு போதகர்க்கும் குறிக்கப்பட்டது. அவர் குதிரையேறி அவ்வூர்களை முறையே சுற்றி வருவார். ஆண்டுக்கு 64 டாலரே ஊதியம், கண்காணிப்பாளர்க்கும் அதுவே. ஆஸ்பரிக்கு மனைவி இல்லை, சொந்த வீடும் இல்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளில் அவர் கடந்த வழி 1,00,000 மைலினும் மிகுதி. அவர் வந்தபோது சில நூற்றுவராயிருந்த சபையார், அவர் மறைந்தபோது 2,00,000 பேருக்கு மேற்பட்டனர்.

1816ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிற்கவும் வலியின்றி, பிறரால் தூக்கிச் செல்லப்பட்டு, ரிச்மண்ட் நகரில் உட்கார்ந்தவாறே தம் இறுதிப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். ஒரு வாரத்தில் வழியிலேயே உயிர் நீத்தார்.

அகஸ்டஸ் லூக்மன் என்னும் சிற்பி வடித்த இச்சிலையை 1924ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் நாட்டுக்கு உரிமையாக்கிய விழாவில், குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் பேசுகையில், ஆஸ்பரியை அந்நாட்டை உருவாக்கினோருள் ஒருவராக எண்ணினார். நாட்டைக் காக்கப் படை செல்லும். ஆயின், தனித்து வாழும் குடிகளை ஒரு சமுதாயமாகப் பிணைத்தல் வாளால் ஆகாது. அவர்தம் வாயிலுக்குச் சென்று, மீண்டும் மீண்டும் செல்வாரே அதனைச் செய்ய வல்லார். தலை தாழ்ந்த அக்குதிரையைச் சிற்பி களைப்புடன் வடித்த நுட்பம் இதுவே என்க.