கல்லுக்குக் கணக்கு உண்டு

புனேயைச் சுற்றியுள்ள கல் குவாரிகளில் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயிற்சி விதி இருக்கிறது. பல தொழிலாளர்களின் பெயர்தான் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

புனேயிலிருந்து நகர் சாலையில் போனால், வாகோலியைத் தாண்டும்போது மரத்து இலைகள் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கின்றன. கிரஷர்களின் தூசி. பாவடி, லோணிகந்த் பக்கம் திரும்பினால் பூமி திடீரென்று அறுபட்டு, கீழே லாரிகள் தீப்பெட்டி அளவில் தெரிகின்றன. தக்காணத்தின் எரிமலைக் கருங்கல் இது. பாதாளேஸ்வரர் குகைக் கோயிலைக் குடைந்ததும் இந்தக் கல்லில்தான். இன்றைய புனேயின் அடுக்குமாடிகளும் மேம்பாலங்களும் இதன் ஜல்லியில்தான் நிற்கின்றன.

கல் உடைப்பவர்களில் வடார் சமூகத்தினர் அதிகம். நம் ஊரில் ஒட்டர், போயர் என்று அறியப்படுபவர்களின் உறவினர்கள் என்று சொல்லலாம். பரம்பரையாகக் கல்லோடும் மண்ணோடும் பழகிய இவர்களுக்குப் பாறையின் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரியும். வெடி மருந்தும் எக்ஸ்கவேட்டரும் வந்த பிறகு அந்த அறிவு மட்டும் போதவில்லை.

குவாரி என்றால் சுரங்கமா? பலரும் இல்லை என்றே நினைக்கிறார்கள். 1952ஆம் வருடச் சுரங்கச் சட்டம் வேறு மாதிரி சொன்னது. கட்டடக் கல், ஜல்லி, சரளை எடுக்கும் திறந்தவெளிக் குழிகளுக்கு அது விலக்கு அளித்தது உண்மை. ஆனால் ஆழம் எங்கேயும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது; ஒரே நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது; வெடி வைக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அது முழுச் சுரங்கம். தகுதி பெற்ற மேலாளர் வேண்டும். வேலை தொடங்க ஒரு மாதம் முன்பே சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாகோலிப் பக்கத்துக் கல்லை வெடி இல்லாமல் எடுப்பதென்பது நடக்காத காரியம்.

விதிகள் ஒன்றும் புரியாதவை அல்ல. கெட்டிப் பாறையை 6 மீட்டர் உயரத்துக்கு மேல் செங்குத்தாக வெட்டக் கூடாது. படிபடியாக இறங்க வேண்டும் என்கின்றன 1961ஆம் வருட ஒழுங்குமுறைகள். சட்டம் இதை 'பெஞ்ச்' என்கிறது. மொழிபெயர்ப்பில் கொஞ்ச காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'படிக்கட்டு' என்றால் குவாரியில் எல்லோருக்கும் புரியும். அடிப்பகுதியைக் குடைந்து மேல் பாறையைத் தானாக விழ வைப்பதும் தடை செய்யப்பட்டது.

ஏன் மீறுகிறார்கள்? படிக்கட்டு வெட்ட அகலமான நிலம் வேண்டும். மேல் மண்ணை முதலில் அகற்ற வேண்டும். பணம் உடனே வராது. குத்தகை எல்லை வரை நேராகக் கீழே போனால் கல் அதிகம். தொழிலாளிக்கும் கூலி உடைத்த கல்லின் அளவுக்குத்தான். நம் ஊர் குவாரியில் 'யூனிட்' என்பது இங்கே 'பிராஸ்', இரண்டும் 100 கன அடி. தளர்ந்த கல்லைக் கடப்பாரையால் தட்டி இறக்கிப் பாறையைச் சரிபார்க்கும் ஒரு மணி நேரத்துக்கு எந்த பிராஸ் கணக்கிலும் கூலி இல்லை.

வெடி வைக்கும்போது 300 மீட்டர் சுற்றளவில் எல்லோரும் பாதுகாப்பான மறைவில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. 2021இல் புனே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட வாகோலியில் அடுக்குமாடிகள் குவாரியை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கின்றன. தொழிலாளர்களின் குடிசைகளோ எப்போதும் குழியின் விளிம்பில்தான்.

பயிற்சிக்கு 1966ஆம் வருடத் தொழிற்பயிற்சி விதிகள் உண்டு. புதிதாக வருபவருக்கு ஆரம்பப் பயிற்சி, வேலையில் இருப்பவருக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை மறுபயிற்சி. வேலைக்கு முன்பும், பிறகு அவ்வப்போதும் மருத்துவப் பரிசோதனை. (எரிமலைக் கல்லில் கிரானைட்டைவிடப் படிக மணல் குறைவு என்று ஆறுதல் சொல்வார்கள். தூசி தூசிதான்.) எல்லாம் சரி, யாருக்குப் பயிற்சி? பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. மேஸ்திரி மூலம் வந்து, முன்பணம் வாங்கி, குடும்பத்தோடு கல் உடைப்பவர் அதில் இருப்பது அபூர்வம். பெயர் இல்லாதவருக்குப் பயிற்சியும் இல்லை. கால் நசுங்கினால் நஷ்டஈடு கேட்க ஆதாரமும் இல்லை.

மேற்பார்வையும் சிதறிக் கிடக்கிறது. குத்தகையும் ராயல்டியும் மாநில அரசிடம், மாவட்ட ஆட்சியர் வழியாக. தொழிலாளியின் பாதுகாப்பு, தன்பாத்தில் தலைமையகம் கொண்ட மத்திய இயக்ககத்திடம். வெடிபொருள் உரிமம் நாக்பூரில் தலைமையகம் உள்ள இன்னொரு மத்திய அமைப்பிடம். தூசிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இன்னொரு கோப்பு சேர்ந்தது. ராயல்டி விஷயத்தில் கல்லுக்கு பிராஸ் கணக்கு உண்டு. ஆளுக்கு?

இது புனேயின் கதை மட்டுமல்ல. திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே 14 இரவு, ஆழமான குவாரியில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்கள். 4 பேர் உயிர் பிழைக்கவில்லை. மேலும் பாறை விழும் என்ற பயத்தில் மீட்பு வேலை நாள் கணக்கில் இழுத்தது. 2025 மேயில் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை குவாரியிலும் பாறை சரிந்து உயிர்கள் போயின.

புனேயில் இந்த மக்களை முதலில் எண்ணியவர்களில் 'சந்துலன்' அமைப்பைச் சொல்ல வேண்டும். பஸ்து ரெகே, பல்லவி ரெகே தம்பதி 1997இல் தொடங்கியது. குவாரி ஓரங்களிலேயே 'பாஷாண் சாலா', அதாவது கல் பள்ளிகள், நடத்தினார்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் சுரங்கத்தில் இருக்கவே கூடாது என்பது சட்டம். அப்பாவும் அம்மாவும் குழிக்குள் இறங்கினால் குழந்தை எங்கே போகும் என்று சட்டம் கேட்கவில்லை, பள்ளி கேட்டது. அங்கே பிள்ளைகளின் பெயர் தினமும் வாசிக்கப்பட்டது.

பழைய சுரங்கச் சட்டத்தின் இடத்தில் 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் கவனிக்க வேண்டிய ஒரு வரி: ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். குவாரியில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போவது குத்தகைதாரரா, கான்ட்ராக்டரா, முன்பணம் கொடுத்த மேஸ்திரியா? சுத்தியலைப் பிடிக்கும் கணவனுக்குக் கடிதம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைக்கும் மனைவிக்குத் தனிக் கடிதம் உண்டா? இன்ஸ்பெக்டர் அடுத்த முறை வாகோலிக்கு வரும்போது ஹெல்மெட்டை எண்ணுவதற்கு முன் இதைக் கேட்கலாம்.