துக்கம் கேட்க வருவார் யார்?

நம் ஊர்களில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்துவிட்டால் அவ்வீட்டார் ஆறுதலைத் தேடிப் போக வேண்டுவதில்லை. ஊரே தேடி வந்துவிடும். பெண்டிர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பர். கருமாதி வரையில் துக்கம் கேட்போர் வந்தவண்ணமிருப்பர். வந்தவர் ஒவ்வொருவரும் "எப்படி ஆயிற்று?" என்று வினவ, வீட்டாரும் நடந்ததனைத்தையும் மீண்டும் முதலிலிருந்து சொல்வர். முன்பே கேட்டவரும் புதிதாய்க் கேட்பவர் போலவே கேட்டிருப்பர். இளமையில் இஃது ஒரு வீண் சடங்கென்றே நாம் எண்ணியதுண்டு. சொல்லிச் சொல்லியே துயரம் தாங்கக்கூடியதாகிறது என்பது தில்லியில் குடியேறிய பின்னரே நமக்கு விளங்கிற்று.

இங்கே செய்தி தொலைபேசியில் வந்து சேர்கிறது. தமிழ்நாடு விரைவு வண்டி சென்னை சேர ஏறத்தாழ 33 மணி நேரம். அதற்கப்பால் சொந்த ஊர் வேறு. விமானத்திற்கு வசதியற்றவர் கடைசியாக முகம் பார்க்கவும் கொடுத்து வைப்பதில்லை. திரும்பி வந்தவரோ மறுநாளே அலுவலகம் போகிறார். ஊரிலுள்ளோர் மனம் நோகுமே என்று அவர்களிடமும் "நலமே" என்கிறார்.

நம் சங்கத்து அன்பர் ஒருவரைப் பொங்கல் விழாவுக்கு வராதது பற்றிச் சற்றே கடிந்து கேட்டோம். "இவ்வாண்டு எங்களுக்குப் பண்டிகை இல்லை, ஐயா" என்றார். தாயார் மறைந்து நான்கு திங்கள் ஆகியிருந்தன! பிறருக்கு ஏன் பாரம் என்று ஒருவரிடமும் சொல்லவில்லையாம். அன்று மாலை அவர் வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தோம். ஆறுதலாக நாம் ஒன்றும் சொல்லிவிடவில்லை, சொல்லத் தெரியவுமில்லை. அவரே பேசினார்.

1953-இல் லண்டனில் சாத் வாரா என்னும் பாதிரியார், மனமுடைந்தோர்க்கு உதவச் சமாரிட்டன்ஸ் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவரைக் காணக் காத்திருந்தோர் பலர், தேநீர் தந்து உடனமர்ந்து கேட்ட தொண்டர்களிடம் பேசியே மனம் தேறிச் சென்றனர். சென்னையில் 1986 முதல் சிநேகா என்னும் அமைப்பும் இவ்வாறு செவி கொடுத்து வருகிறது.

அருகில் எவரும் இல்லாதார்க்கும் வழியுண்டு. மைய அரசு 10-10-2022 அன்று தொடங்கிய டெலி மானஸ் பணிக்கு 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழ் உட்பட 20 மொழிகளில் இப்பணி நடைபெறுகிறது. அலுவலகத்து இந்தி எவ்வளவு சரளமாயினும், அழுகை தாய்மொழியில்தானே வருகிறது! ஆறு திங்கள் கடந்தும் அன்றாட வேலை ஓடாதவாறு துயரம் அழுத்துமாயின் மனநல மருத்துவரைக் காண்பதே முறை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலோ ஒரு நாளும் பொறுத்தல் கூடாது; அப்போதே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும்; அவரும் தனியே விட்டுப் போகலாகாது.

மணச் செய்திகளைச் சங்கத்துக்குத் தவறாது தெரிவிக்கும் நம் குடும்பங்கள் சாவுச் செய்தியை மட்டும் மறைப்பானேன்? ஒரு வரி எழுதுங்கள், அல்லது எவரிடமேனும் சொல்லியனுப்புங்கள். இருவர் வருவோம். காப்பி போட வேண்டுமே என்ற கவலை வேண்டா. துக்க வீட்டில் அது வழக்கமுமன்று. எப்படி ஆயிற்று என்று கேட்போம். நீங்கள் சொல்லி முடித்தபின், நம் ஊர் வழக்கப்படியே விடை சொல்லாமல் எழுந்து போவோம்.