அதிராத சப்வூஃபர்

தேக்காவுக்கு அருகிலுள்ள சிம் லிம் டவரில் ஒலிக்கருவிக் கடைகள் பல உள்ளன. தாழ்ந்த ஒலிகளுக்கென்றே அமைந்த ஒலிபெருக்கி சப்வூஃபர். கடையில் நெஞ்சை அதிரவைத்த அது, வீவக வீட்டின் வரவேற்பறைக்கு வந்ததும் முணுமுணுக்கலாம். கருவி போதவில்லை என்று எண்ணி, இன்னும் பெரியதை வாங்குவோர் உண்டு. பெரும்பாலும் அது வீண்செலவே.

முதலில் இணைப்புக் கம்பியையும் ஒலி அளவையும் பார்க்க வேண்டும். ரிசீவரின் அமைப்பில் சப்வூஃபர் ‘இல்லை’ என்று குறித்திருந்தால், அதற்கு ஒலி போகவே போகாது.

இவை சரியாக இருந்தால், காரணம் அறையாக இருக்கலாம். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எனவே, 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.5 மீட்டர். அறையின் நீளம் அதில் பாதியாக, அதாவது 4.25 மீட்டராக இருந்தால், சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் அறையின் நடுவில் ஒன்றையொன்று பெரிதும் அழித்துவிடும். சுவரோரம் நிற்பவருக்குக் கேட்கும் முழக்கம், நடுவில் சோபாவில் அமர்ந்திருப்பவருக்குக் கேட்காது.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பார்ப்பதற்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். சப்வூஃபரைச் சோபாவின்மேல் வைத்து, மிருதங்க இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடக்க வேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ‘கும்’ ஒலி எங்கே நன்றாகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைக்கலாம். ஒலி செல்லும் பாதை இரு திசையிலும் ஒன்றே என்பதால் இது பலன் தருகிறது.

அறையின் மூலையில் முழக்கம் கூடும். ஆனால், அச்சுவருக்கு அப்பால் அண்டைவீட்டாரின் படுக்கையறை இருக்கலாம். தாழ்ந்த ஒலி சுவரையும் தரையையும் எளிதில் கடந்துவிடும். அத்தகைய வீட்டில் மூலையைத் தவிர்த்து, கருவியின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டால், தரைக்குச் செல்லும் அதிர்வு ஓரளவு குறையும்.