போர்-குரோ தீவின் நீரடித் தோட்டம்

பிரான்சின் தென்கரைக்கு அப்பால், மத்தியதரைக் கடலிற் கிடக்கும் சிறு தீவு போர்-குரோ. 1943இல் கூஸ்ரோவும் கன்யானும் பிரான்சிலே ஆக்கிய சுவாசக் கருவி, மனிதன் மீனோடு மீனாய் உலாவ வழிசெய்தது. அக்காலத்தே பெருகிய நீரடி வேட்டையோ, 'மேரூ' என்னும் பெருமீனை அக்கரையோரத்தில் அருகச் செய்தது.

1963இல் தீவும் சூழ்கடலும் தேசியப் பூங்காவாயின. இன்று கபினியேர்ப் பாறையடியிற் சுழியோடுவோர் முன் மேரூக்கள் அச்சமின்றித் திரிகின்றன.

ஆயினும், அங்குள்ள பொசிடோனியாப் புல்வெளி பாசியன்று. பூத்துக் காய்க்கும் தாவரம். ஆண்டுக்குச் சில விரற்கடையே பரவும். நங்கூரமொன்று நொடியிற் பெயர்ப்பதை ஒரு தலைமுறையாலும் ஈடுசெய்தல் அரிது. ஆதலால், கபினியேரில் நங்கூரமிடல் தடுக்கப்பட்டுள்ளது. படகுகள் மிதவைகளிலேயே கட்டப்படுகின்றன.

வேட்டையாட வந்தவனைச் சட்டம் தடுத்தது. கண்டு களிக்க வருபவனோ, தன் கையையும் காலையும் தானே அடக்கிக்கொள்ளல் வேண்டும்.