கிரிப்டோ நாணயங்களுக்கு அந்தரங்கத் திரை: கணிதம் தயார், சந்தை தயாரா?

எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணய வலையமைப்பின் வேர்களில் ஒன்று கனடாவின் டொரண்டோ நகரில் இருக்கிறது. ரஷ்யாவில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் கனடா வந்து, டொரண்டோவில் பள்ளிப் படிப்பை முடித்த விட்டாலிக் பியூட்டரின், 2013ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கான முன்வரைவை எழுதினார். 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்த வலையமைப்பு இயங்கத் தொடங்கியது.

அதில் நடக்கும் ஒவ்வொரு பணப் பரிமாற்றமும் உலகில் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் பதிவாகிறது. பத்தாண்டுகள் கழித்து, 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், அதே பியூட்டரின் பயனர்களின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் வசதிகளை இந்த வலையமைப்பில் சேர்ப்பதற்கான திட்ட வரைவு ஒன்றை வெளியிட்டார். திறந்த வெளியாகக் கட்டப்பட்ட மண்டபத்துக்குப் பின்னர் சுவர் எழுப்ப முடியுமா என்பதே இப்போதுள்ள கேள்வி.

பெயர் இல்லை, ஆனால் மறைவும் இல்லை

கிரிப்டோ நாணயம் என்றாலே இரகசியப் பணம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிட்காயினையும் எத்தீரியத்தையும் பொறுத்தவரை அது தவறு. பேரேட்டில் பயனரின் பெயர் இருக்காது. எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட முகவரி மட்டுமே இருக்கும். ஆனால் அந்த முகவரி இன்னாருடையது என்று ஒரே ஒரு முறை தெரிந்துவிட்டால் போதும். அவருடைய இருப்பு, அவர் யாரிடம் பெற்றார், யாருக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் முதல் நாளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்துவிடும். நம் ஊர்க் கோயில்களில் குழல் விளக்கின் மீது உபயதாரர் பெயர் எழுதப்படுவது அவர் விருப்பத்தின்பேரில்தான். இங்கே அந்த விருப்பத்தை யாரும் கேட்பதில்லை.

முகவரியையும் ஆளையும் இணைக்கும் தகவல் பெரும்பாலும் கிரிப்டோ பரிமாற்ற நிறுவனங்களிடம் இருக்கிறது. டொரண்டோவைச் சேர்ந்த காயின்ஸ்குவேர் நிறுவனம், நீதிமன்ற உத்தரவின்பேரில், தன் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினரின் விவரங்களைக் கனேடிய வருவாய்த் துறையிடம் 2021ஆம் ஆண்டில் கையளிக்க நேர்ந்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், பாரவூர்தி ஓட்டுநர்களின் போராட்டம் ஒட்டாவா நகரை முடக்கியபோது, கனேடிய அரசு அவசரகால அதிகாரச் சட்டத்தைப் பயன்படுத்தியது. போராட்டத்துக்கு வந்த நன்கொடைகள் சேர்ந்த கிரிப்டோ முகவரிகளின் பட்டியலைக் காவல்துறை பரிமாற்ற நிறுவனங்களுக்கு அனுப்பியது. ஒன்டாரியோ உயர் நீதிமன்றமும் அந்த நிதியை முடக்கி உத்தரவிட்டது. பேரேடு திறந்திருந்ததாலேயே அப்படியொரு பட்டியலைத் தயாரிக்க முடிந்தது. அரசு அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியது நியாயமற்றது என்று 2024ஆம் ஆண்டு ஜனவரியில் கனேடிய ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்பது வேறு விடயம்.

யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலின் வலிமை என்ன என்பது டொரண்டோ தமிழர்களுக்குப் புதிதல்ல. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடமும் வர்த்தகர்களிடமும் விடுதலைப் புலிகளுக்காக மிரட்டிப் பணம் திரட்டப்படுவதாக 2006ஆம் ஆண்டு மார்ச்சில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு குற்றம்சாட்டியது. அடுத்த மாதமே கனடா அந்த அமைப்பைத் தடைசெய்தது. அத்தகைய சூழலில் ஒருவருடைய கையிருப்பும் கொடுக்கல் வாங்கலும் பகிரங்கமாக இருந்தால், கேட்டு வருபவருக்கும் அது பயன்படும், பின்னர் விசாரிக்க வருபவருக்கும் பயன்படும்.

திறந்த பேரேடு காப்பாற்றிய உண்மை

மறுபக்கமும் இருக்கிறது. குவாட்ரிகா என்ற கனேடிய பரிமாற்ற நிறுவனத்தின் நிறுவனர் 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் உயிரிழந்தார். வாடிக்கையாளர்களின் நாணயங்களைத் திறக்கும் சாவிகள் அவருடன் போய்விட்டன என்றே முதலில் சொல்லப்பட்டது. ஆனால் நிறுவனத்தின் சேமிப்பு முகவரிகளைப் பேரேட்டில் ஆராய்ந்தபோது, அவர் இறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அவை காலியாகியிருந்தது தெரியவந்தது. வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட இழப்பு குறைந்தது 16 கோடியே 90 லட்சம் கனேடிய டாலர்கள் என்று ஒன்டாரியோ பங்குப் பத்திர ஆணையம் 2020ஆம் ஆண்டில் கணக்கிட்டது. பேரேடு மூடியிருந்தால், சாவி தொலைந்த கதையே இன்றும் நிலைத்திருக்கக்கூடும்.

வெளிப்படுத்தாமல் நிரூபிப்பது

அந்தரங்க வசதிக்கு அடிப்படையான கணிதத்திலும் டொரண்டோவுக்குப் பங்கு உண்டு. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ராக்கோஃப், ஷஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி ஆகிய மூவர் 1985ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையை முன்வைத்தனர். ஒரு கூற்று உண்மை என்பதை, அந்த உண்மையைத் தவிர வேறு எதையும் வெளிப்படுத்தாமல் நிரூபிக்க முடியும் என்பதே அதன் சாரம்.

இதை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். ஆயிரம் பேர் தலா நூறு டாலர் நோட்டு ஒன்றை ஒரே பெட்டியில் போடுகிறார்கள். பின்னர் ஒருவர் வந்து, நோட்டுப் போட்ட ஆயிரம் பேரில் தானும் ஒருவர் என்பதையும், தன் பங்கை இதற்குமுன் எடுக்கவில்லை என்பதையும் நிரூபித்துப் பணத்தைப் பெறுகிறார். அந்த ஆயிரம் பேரில் அவர் யார் என்பது மட்டும் பெட்டிக்குத் தெரியாது. எத்தீரியத்தின் மீது இயங்கும் டோர்னேடோ கேஷ் என்ற மென்பொருள் ஏறத்தாழ இப்படித்தான் வேலை செய்கிறது.

எனவே கணிதம் தடையல்ல. தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவது, கூட்டம். ஆயிரம் பேருக்கு நடுவே ஒளிந்துகொள்ளலாம், நான்கு பேருக்கு நடுவே முடியாது. 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜீகேஷ் நாணயத்தில் மறைவு ஒரு விருப்பத் தெரிவு மட்டுமே. அதனால் நெடுங்காலம் பெரும்பாலான பரிமாற்றங்கள் திறந்த வழியிலேயே நடந்தன. மொனேரோ நாணயத்தில் மறைவு கட்டாயம். ஆகவே கூட்டம் பெரிது, ஆனால் பைனான்ஸ் உள்ளிட்ட பெரிய பரிமாற்ற நிறுவனங்கள் அதை 2024ஆம் ஆண்டில் கைவிட்டன.

இரண்டாவது, தணிக்கை. ஜீகேஷில் வரம்பின்றிப் போலி நாணயம் உருவாக்க இடமளிக்கும் ஒரு குறைபாடு 2018ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டு, அதே ஆண்டில் சரிசெய்யப்பட்டு, 2019இல்தான் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அதை யாரும் பயன்படுத்தியதற்கான தடயம் இல்லை என்று அதை உருவாக்கிய நிறுவனம் கூறியது. ஆனால் தொகைகளே மறைக்கப்பட்டிருக்கும் ஒரு பேரேட்டில், அப்படி நடக்கவே இல்லை என்று முழு உறுதியுடன் காட்டுவது கடினம். அந்தரங்கத்துக்குக் கொடுக்கப்படும் விலைகளில் அதிகம் பேசப்படாத விலை இதுதான்.

லைட்காயின் கற்ற பாடம்

மூன்றாவது தடை சந்தை. திறந்த நிலையில் பல ஆண்டுகள் இயங்கிய லைட்காயின் வலையமைப்பில் 2022ஆம் ஆண்டு மே மாதம், விரும்புவோர் தொகையை மறைத்து அனுப்பும் வசதி சேர்க்கப்பட்டது. அடுத்த மாதமே தென்கொரியாவின் அப்பிட், பித்தம்ப் உள்ளிட்ட பரிமாற்ற நிறுவனங்கள் அந்த நாணயத்தையே நீக்குவதாக அறிவித்தன. வசதியைப் பயன்படுத்தாதவர்களும் இதனால் பாதிக்கப்பட்டனர். வேறெந்த வலையமைப்பும் இந்த முன்னுதாரணத்தை எளிதில் மறக்காது.

சட்டத்தின் போக்கும் ஒரே திசையில் இல்லை. வடகொரிய இணையத் திருடர்கள் பயன்படுத்தினார்கள் என்று கூறி டோர்னேடோ கேஷ் மீது அமெரிக்க நிதித் துறை 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் விதித்த தடை, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எதிர்மறைத் தீர்ப்புக்குப் பின் 2025ஆம் ஆண்டு மார்ச்சில் நீக்கப்பட்டது. ஆனால் அதை உருவாக்கியவர்களில் ஒருவரை நெதர்லாந்து நீதிமன்றம் 2024இல் சிறைக்கு அனுப்பியது. இன்னொருவர், உரிமமின்றிப் பணப் பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி செய்ததாக 2025இல் நியூயார்க்கில் குற்றவாளி எனக் காணப்பட்டார். மென்பொருளுக்குத் தடை இல்லை, எழுதியவருக்கு வழக்கு உண்டு என்ற விநோதமான நிலை இது.

இந்த நிலையில் ஓரளவு வாய்ப்புள்ளதாகத் தோன்றுவது ஒரு நடுவழிதான். பியூட்டரினும் வேறு சிலரும் 2023ஆம் ஆண்டில் முன்மொழிந்த 'பிரைவசி பூல்ஸ்' முறையில், பணத்தை எடுப்பவர் தான் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தன் பணம், திருட்டுப் பணம் என்று அறியப்பட்ட தொகைகளிலிருந்து வந்ததல்ல என்று நிரூபிக்கலாம். 2025ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இது எத்தீரியத்தில் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் வரைவும் வலையமைப்பின் அடித்தளத்தை உடைத்துக் கட்டச் சொல்லவில்லை. இத்தகைய கருவிகளைப் பயனரின் பணப்பை மென்பொருளிலேயே இணைக்கும்படிதான் சொல்கிறது. லைட்காயினுக்கு நேர்ந்தது எத்தீரியத்துக்கு நேராமல் இருக்க இது உதவலாம். எது திருட்டுப் பணம் என்று தீர்மானிக்கும் பட்டியலை யார் வைத்திருப்பது என்ற சர்ச்சை மட்டும் தீரவில்லை.

நடைமுறையில், மறைவு நிலைப்பதும் கலைவதும் இரு முனைகளில்தான். ஸ்கார்பரோவில் இருப்பவர் யாழ்ப்பாணத்திலுள்ள தாய்க்குக் கிரிப்டோ வழியாகப் பணம் அனுப்ப நினைத்தால், கனேடிய டாலரை நாணயமாக மாற்றும் இடத்தில் அடையாள அட்டை காட்ட வேண்டும். பத்தாயிரம் டாலரோ அதற்கு மேலோ கிரிப்டோவாகப் பெறும் நிறுவனம் அதை ஃபின்ட்ராக் என்ற கனேடிய நிதிப் புலனாய்வு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் இருக்கிறது. மறுமுனையில், கிரிப்டோ நாணயங்களின் ஆபத்து குறித்து இலங்கை மத்திய வங்கி பொதுமக்களைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அங்கே அதை ரூபாயாக மாற்றுவது, பழைய உண்டியல் முறையைப் போலவே, அறிமுகமான ஆட்களை நம்பிய விவகாரமாகிவிடக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி நடைமுறைக்கு வரவுள்ள விதிகளின்படி, அடையாளத்தை மறைக்கும் நாணயங்களைப் பரிமாற்ற நிறுவனங்கள் கையாள முடியாது. அந்தத் தடைக்குள் மொனேரோ வந்துவிடும் என்பதில் பெரிய ஐயமில்லை. விரும்பியவர்கள் மட்டும் திரை போட்டுக்கொள்ளும் எத்தீரியம் போன்ற வலையமைப்புகளை ஒழுங்குபடுத்துநர்கள் எந்தப் பக்கம் வைப்பார்கள் என்பதைப் பொறுத்தே, பணப்பை மென்பொருள் எழுதுவோர் இந்த வசதியை முன்னிருப்பாக வைப்பதா, மூலையில் ஒரு பொத்தானாக ஒதுக்குவதா என்று முடிவு செய்வார்கள்.