கலப்புலோகச் சில்லுத் தெரிதல்

விரைவுமிக்க மோட்டார் வண்டியை உடையோர், அதனொடு வந்த சில்லுகளைக் களைந்து அலுமினியக் கலப்புலோகச் சில்லுகளைப் பூட்ட விழைகின்றனர். அவ்விழைவு குற்றமன்று, அழகை முன்னும் அளவைப் பின்னும் நோக்குதலே குற்றமாம். வண்டியுடைய பழைய மாணவர்க்கும், இனி வாங்கவிருக்கும் இளையோர்க்கும் இதுபற்றிச் சில கூறுவாம்.

1998ஆம் ஆண்டில் வெளிவந்த பீ.எம்.டபிள்யூ. மூன்றாம் வரிசை வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் சில்லைப் பற்றும் ஐந்து புரியாணிகளும் 120 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. ஆதலின் ஐந்து துளையுடைய சில்லெல்லாம் அதற்குப் பொருந்தா. நடுத்துளை 72.6 மில்லிமீற்றர். வாங்குஞ் சில்லில் அது பெரிதாயின், இடைவெளியை வளையமிட்டு நிரப்புதல் வேண்டும். இன்றேல் சில்லு மையம் பிறழச் சுக்கான் நடுங்கும்.

அடுத்து நோக்கத்தக்கது, சில்லின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியிற் பொருந்தும் முகத்துக்கும் இடைப்பட்ட தூரம். அது குறையின் சில்லு வெளியே துருத்தி மட்காட்டில் உராயும். மிகின் உட்புகுந்து அதிர்வுதாங்கியில் உராயும்.

16 அங்குலச் சில்லில் 205/55 ரயர் பூட்டியவர், 17 அங்குலத்துக்கு மாறின் 225/45 ரயரைக் கொள்ளலாம். முன்னதன் முழுவிட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீற்றர். பின்னதன் விட்டம் 634. ஆதலின் வேகமானி பொய்யுரையாது. எனினும் ரயரின் பக்கச்சுவர் 113 மில்லிமீற்றரிலிருந்து 101 ஆகக் குறைகின்றது. குழியில் வீழும்போது அதிர்ச்சி சில்லையே தாக்க, அது நெளியவும் வெடிக்கவுங் கூடும்.

சில்லின் சுமையளவோ, அச்சு ஏற்கத்தகும் முழுப்பாரத்தின் பாதிக்குக் குறைதலாகாது. சுமையளவு அறியவொண்ணாச் சில்லை, எத்துணை மலிவாயினும் வாங்கற்க.

இவை யாவும் பொருந்திய பின்னரே வடிவைத் தெரிவோமாக. ஓடும் வண்டியிற் சில்லு உடையின், உள்ளிருப்பார் உயிரோடு வழிச்செல்வார் உயிருக்கும் ஊறு நேரும்.